பூஜ்யம் முதல் நான்கு வரை

அந்த ரயிலுக்கு அடியில் ஆள் யாரும் இல்லை. அது தெரிவதற்கு நான் இன்ஜினிலிருந்து இறங்கி, ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசிவரை நடக்க வேண்டியிருந்தது.

நான் ரயில் இன்ஜினில் உதவி டிரைவர். விழுப்புரத்தில் டியூட்டி, திண்டிவனத்தில் வீடு. கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகள் அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள்.

அது சாயங்கால பாசஞ்சர். திண்டிவனத்தை விட்டு விழுப்புரம் பக்கம் வந்துகொண்டிருந்தோம். டிரைவர் சீட்டில் சார் இருந்தார். கண்டாச்சிபுரம் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். சிக்னலைப் பார்த்து நான் "பச்சை" என்றால் அவரும் "பச்சை" என்பார். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை. ஒரு வளைவு திரும்பியதும், கேட் எதுவும் இல்லாத ஒற்றையடிப் பாதையில், ஒருவர் பைக்கைத் தண்டவாளத்துக்கு மேலே தள்ளிக்கொண்டிருந்தார். முன்சக்கரம் தாண்டிவிட்டது. பின்சக்கரம் ஜல்லியில் மாட்டிக்கொண்டது. அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே அந்தப் பக்கம் போய் நின்றிருந்தாள்.

"சார், ஆளு!" என்று கத்தினேன். அதற்குள் அவர் எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டுவிட்டார். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிரேக் போட்டவுடன் ரயில் நிற்காது. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், நாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் பைக்கைப் பிடித்து இழுத்தார். விட்டுட்டு ஓடு, விட்டுட்டு ஓடு என்று நான் கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினேன். இன்ஜினின் முன்பக்கம் அவரை மறைத்தது. தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. ரயில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நின்றபின் சார் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எறங்கிப் பாரும்மா."

உதவி டிரைவரின் வேலை அது. இறங்கினேன். ரயிலுக்கு அந்தப் பக்கக் கொல்லையிலிருந்து அந்தப் பெண் அலறுவது கேட்டது. ஆனால் நடுவில் ரயில் நின்றதால் அவளை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பெட்டிக்கு அடியில் சீட் கவர் கிடந்தது. அடுத்ததில் ஒரு செருப்பு. அதற்கடுத்த பெட்டியின் சக்கரத்துக்குக் கீழே சிவப்பாக, ஈரமாக, ஜல்லி முழுக்கச் சிதறிக் கிடந்தது. என் கால் நின்றுவிட்டது. இன்னும் குனிந்து பார்த்தபோதுதான், பைக்கில் மாட்டியிருந்த பை கிழிந்து நசுங்கிய தக்காளி அது என்று தெரிந்தது. தெரிந்தும் அது எனக்குத் தக்காளியாகத் தோன்றவில்லை. அடுத்த பெட்டிக்குப் போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். ஒவ்வொன்றிலும் 'இதில்தான் இருப்பார்' என்று நினைத்துக்கொண்டே குனிந்தேன்.

கடைசிப் பெட்டியைத் தாண்டிச் சுற்றி வந்து பார்த்தால், அவர் மல்லாட்டைக் கொல்லையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. கடைசி நிமிடத்தில் பின்னால் சாய்ந்து விழுந்திருக்கிறார்.

"வண்டி புதுசுங்க," என்றார் என்னிடம். வேறு எதுவும் சொல்லவில்லை. இறங்கி வந்த பயணிகள் சிலர் அவரைத் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இன்ஜினுக்குத் திரும்பி வந்து, "ஆளு இருக்காரு சார்," என்றேன். சார் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "அப்போ ஒண்ணும் இல்ல. ஏறு, ஜல்தி," என்றார்.

ஒன்றும் இல்லை என்றுதான் நானும் வீட்டில் சொன்னேன். கணவர் கதை கேட்பதுபோல் கேட்டார். "அந்தாளுக்கு ஆயுசு கெட்டிதான்," என்றார்.

சில நாள் கழித்துத்தான் ஆரம்பித்தது. சமையல்கட்டில் தக்காளியை நறுக்கக் கத்தியை வைத்தேன். கை விறைத்துவிட்டது. முதுகில் வியர்வை வழிந்தது. அத்தனை தக்காளியையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புளியைக் கரைத்தேன். அதன்பிறகு கடைக்குப் போனால் தக்காளிக் கூடை இருக்கும் பக்கமே திரும்புவதில்லை.

பைக் அதைவிட மோசம். எங்கள் வீட்டிலும் ஒரு பைக், ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு குழந்தை. கணவர் மகளைப் பள்ளியில் விடக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு ஓடுவேன். போகாதீங்க என்று சொல்ல வாய் வரும். சொல்ல ஒரு காரணமும் இருக்காது. அவர்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னேன். போன் வரத் தாமதமானால் நானே பள்ளிக்குப் போன் பண்ணினேன். பள்ளிக்காரர்கள் சலித்துப்போனார்கள்.

தூக்கத்தில் நான் நடந்துகொண்டே இருப்பேன். பெட்டிகள் முடிவதே இல்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பேன். ஒரு பெட்டிக்கு அடியில் என் மகளின் ஸ்கூல் ஷூ கிடக்கும்.

"யாரும் சாவலையே," என்றார் கணவர். "அப்புறம் இன்னாத்துக்கு இப்பிடி பயந்துக்கினு கெடக்குற?"

"தெரியல மாமா."

எனக்கும் அதுதான் வெட்கமாக இருந்தது. எங்கள் வேலையில் நிஜமாகவே ஆள் அடிபட்டுச் செத்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களெல்லாம் மறுநாள் டியூட்டிக்கு வந்து, டீ குடித்து, கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமே நடக்காத எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஒருநாள் விக்கிரவாண்டி தாண்டி வரும்போது தண்டவாளத்தின் ஓரத்தில் ஒருவர் பைக்கோடு நிற்பதைப் பார்த்து, "சார்!" என்று அலறினேன். சாரின் கை பிரேக்குக்குப் பாய்ந்தது. ரயில் குலுங்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் அது ஒரு வேலிக்காத்தான் புதர். பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். சார் என்னைத் திட்டவில்லை. அவரும் புதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில் மூச்சே வரவில்லை. மறுநாளிலிருந்து லீவு போட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் என்ன வேலை, என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டு, மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டை வாங்கிய நிமிடம் எனக்கு வேலை போய்விட்டதாகவே தோன்றியது. இன்ஜின் ஓட்டுகிறவர்களுக்குக் கண், காது, மனசு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மனசு சரியில்லை என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அவ்வளவுதான்.

அந்தப் பிரிவில் ஒரு சின்ன அறையில் மேடம் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மனநல ஆலோசகர். பயங்கரமான ஒன்றைக் கண்டவர்களுக்கு அதன்பிறகு வரும் தொந்தரவுகளை எப்படி அளப்பது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கு இல்லீங்களா, அந்த மாதிரிதான்," என்றார். "ஒவ்வொரு தொந்தரவையும் கேப்போம். கடந்த ஒரு மாசத்துல அது எவ்வளவு இருந்ததுன்னு நீங்க நம்பர் சொல்லணும். இல்லவே இல்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியலன்னா நாலு. உங்க பேரு ஆராய்ச்சில எங்கயும் வராது. உங்க ஆபீசுக்கும் போகாது."

முதலில் என்னையே படித்து நிரப்பச் சொன்னார். இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்த கேள்விகள். கெட்ட கனவு வருகிறதா, அந்தச் சம்பவத்தை நினைவுபடுத்தும் பொருள்களை ஒதுக்குகிறீர்களா, எப்போதும் எச்சரிக்கையாக இருக்கிறீர்களா. படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சில்லிட்டது. என் வீட்டுக்குள் யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று குறைத்தே போட்டுக்கொண்டு வந்தேன். அப்போது ஒரு கேள்வி வந்தது: பிறரிடமிருந்து துண்டிக்கப்பட்டதுபோல் உணர்கிறீர்களா?

துண்டிக்கப்பட்டது. ரயிலில் வேலை செய்பவளுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. ஆள் அடிபட்டால் எங்கள் அறிக்கைகளில் வரும் சொல் அது. சக்கரத்துக்குக் கீழே நான் தேடிக்கொண்டே போனது அதைத்தான். பேனாவைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, வராந்தாவின் கோடியிலிருந்த வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

மேடம் தண்ணீரோடு பின்னாலேயே வந்தார். எந்தக் கேள்வி என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"இந்தப் பேப்பர் சரியா இருக்கான்னு பாக்குறதும் எங்க ஆராய்ச்சில ஒரு பகுதிதாங்க. இது எங்களுக்குத் தோணவே இல்ல. நீங்க வீட்டுல இத எப்படிச் சொல்லுவீங்க?"

"யார்கூடயும் ஒட்ட மாட்டேங்குது மேடம். எம்பொண்ணுகூடயும். அவ மடில வந்து ஒக்காந்தா, எறக்கி விட்டுடறேன்."

சொன்ன பிறகுதான் அதை நான் சொன்னேன் என்பதே உறைத்தது. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பேப்பரை ஒதுக்கி வைத்துவிட்டு அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒன்று என்று போட்ட இடங்களில் நின்று நின்று கேட்டார். வாரத்துல எத்தனை தடவை வருது? வரும்போது உடம்புல என்ன ஆகுது? அது போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது? நடுவில் வெளியே யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"திடுக்கிடறதுக்கு ஒண்ணு போட்டிருக்கீங்க," என்றார் மெதுவாக.

"நாலுன்னு போட்டா வேலை போயிடும் மேடம்."

"நாலுன்னு தெரிஞ்சாதான அதுக்குத் தகுந்த மாதிரி பண்ண முடியும்?"

இத்தனை நாள் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "மேடம், யாருமே சாவல. எனக்கு இந்த வியாதி வரலாமா?"

"அவர் செத்துட்டார்னு நீங்க நெனச்சீங்களா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"ரயிலோட நீளம் மேடம்," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சிகிச்சை என்று மாத்திரை கொடுப்பார்கள் என எதிர்பார்த்துப் போனேன். மேடம் செய்யச் சொன்னது வேறு. கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை, இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். இறங்குகிறேன், குனிகிறேன், சிவப்பாகத் தெரிகிறது. சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை என் போனில் பதிவு செய்து கொடுத்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் குரலையே கேட்பேன். அது என் குரல் மாதிரியே இருக்காது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

இன்னொரு பாடம், ஒதுக்குகிறவற்றை நெருங்குவது. முதலில் நிற்கிற பைக்கில் சும்மா உட்கார வேண்டும். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து வண்டியைப் பிடித்துக்கொள்வார். தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். "வண்டி ஓட்டக் கத்துக்கினு இருக்காங்க," என்று அவர் சொல்லிவிடுவார். நான் சீட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருப்பேன். அவருக்கு இதெல்லாம் எதற்கென்று முதலில் புரியவில்லை. ஆனால் என் நடுக்கம் சீட்டின் வழியாக அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தடவை போகும்போதும் மேடம் அந்த நம்பர்களைக் கேட்பார். எல்லாவற்றையும் கூட்டுவார். இரண்டாவது தடவை கூட்டுத்தொகை ஏறியிருந்தது. மூன்றாவது தடவை இன்னும் ஏறியது. மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பேப்பரைத் தலைகீழாகப் படித்துவிட்டேன்.

"இன்னா மேடம், வைத்தியம் பண்ணப் பண்ண ஏறுது?"

"சில பேருக்கு மொதல்ல ஏறும். இவ்வளவு நாளா ஓடிக்கிட்டே இருந்தீங்க. இப்ப நின்னு பாக்குறீங்க. அதனால இருக்கலாம். மொதல் தடவை நீங்க கொறச்சுச் சொன்னதும் ஒரு காரணம்."

"எறங்கலன்னா?"

"எறங்கலன்னா வேற வழி பாக்கலாம். நம்பர் வச்சிருக்கறதே அதுக்குத்தான். பாக்காம இருந்தா நமக்குத் தெரியாது."

அவர் பொய் சொல்கிறார் என்றே எனக்குப் பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது இனி போகக்கூடாது என்று முடிவு கட்டினேன். அடுத்த வாரம் கணவர்தான் கூட்டிக்கொண்டு போனார். "ஏறுனது ஏறிச்சி, எறங்குதான்னு பாத்துட்டு வுட்டுடு," என்றார். அந்த வாரம் இறங்கியது. அதற்கடுத்த வாரமும் கொஞ்சம் இறங்கியது. கனவு நின்றது. மகளை மடியில் வைத்துக்கொண்டு தலை வாரினேன். ஒருநாள் பைக்கில் கணவர் பின்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருமுனைவரை போய் வந்தேன். பரிசோதித்த டாக்டர்கள் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுபடியும் சாரோடு ஏறினேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு சிக்னல் சொல்ல முடிந்தது.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத பயம் ஒன்று வந்தது.

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நானும் சாரும் நின்றிருந்தோம். மத்தியானம். டியூட்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. திடீரென்று அவர் கேட்டார்: "ஆஸ்பத்திரில அப்பிடி இன்னாம்மா கேக்குறாங்க உன்ன?"

நான் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். முகத்தில் அது இல்லை.

"கனவு வருதான்னு கேப்பாங்க சார். நடந்தது."

"வருது," என்றார்.

அவர் பதில் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. "நாம வேணாம்னு நெனச்சாலும் திரும்பத் திரும்ப நெனப்பு வருதான்னு கேப்பாங்க."

"எங்க நெனப்பு வருது? அங்கயேதான நிக்குறாங்க. மயிலம் தாண்டி ஒரு அம்மா. பேரணிக்கு முன்னாடி காலேஜ் பசங்க ரெண்டு பேரு, காதுல ஒயர மாட்டிக்கினு. எத்தினி பேருன்னு எண்ணல. மூஞ்சி மட்டும் இருக்குது. அந்தந்த எடம் வந்தா அந்தந்த மூஞ்சி." டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்புறம் இன்னா கேப்பாங்க?"

"யாரோடயும் ஒட்ட முடியாம இருக்கான்னு கேப்பாங்க."

"எம்பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் அழுதாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. சினிமா பாக்குற மாதிரி இருந்திச்சு. அப்புறம்?"

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்: "சில நேரம் நாம நம்ம உடம்புலயே இல்லாத மாதிரி, சுத்தி இருக்குறது நெசம் இல்லாத மாதிரி இருக்குதான்னும் கேப்பாங்க சார்."

அவர் தண்டவாளத்தின் பக்கம் பார்த்தார்.

"இருக்குதும்மா. திண்டிவனத்துல வண்டி எடுக்குறது தெரியுது. அப்புறம் பாத்தா விக்கிரவாண்டி வந்து நிக்குது. நடுவுல இன்னா ஆச்சுன்னு தெரியாது. கை அதும்பாட்டுக்கு ஓட்டிக்கினு இருக்குது. நான் அங்க இல்ல."

டீக்கடைக்காரர் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என் காதில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய நம்பர் நான்குதான். இந்த மனிதருக்குப் பக்கத்தில்தான் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஜனம் உட்கார்ந்திருந்தது. வேலிக்காத்தான் புதரைப் பார்த்து நான் அலறியபோது அவர் என்னைத் திட்டாதது ஏன் என்றும் அப்போது புரிந்தது. அவருக்கும் அங்கே யாரோ தெரிந்திருப்பார்கள்.

அன்றைக்கு நான் ஏறாமல் இருந்திருக்க வேண்டும். சொல்லத் தைரியம் வரவில்லை. யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது? ஏறினேன். என் வாழ்க்கையில் அந்தப் பயணம் மாதிரி நான் எதற்கும் பயந்ததில்லை. ரயிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டு நடந்ததும் அதற்கு ஈடில்லை. நான் தண்டவாளத்தைப் பாதியும் அவரைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் வந்தால் கத்தினேன். அவர் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. சிக்னல் இல்லாத இடங்களிலும் எதையாவது சொன்னேன்.

"சார், ஸ்டேஷன் வருது சார்."

"தெரியுதும்மா."

"சார், மணி இன்னா சார் ஆகுது?"

"எதுக்கு இப்ப பேஜாரு பண்ற? உங்கைலயே வாட்ச்சு கட்டிக்கினு இருக்குற."

பேரணி நெருங்கியபோது அவர் கண் சிமிட்டாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கை ஓட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன். எங்கள் வேலையில் ஓர் உதவி டிரைவர், அதுவும் ஒரு பெண், அப்படிச் செய்வது வழக்கம் இல்லை. அவர் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார். "பச்சை சார்," என்றேன். "பச்சை," என்றார்.

திண்டிவனத்தில் வேறு ஆட்களிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பிளாட்பாரத்தில் நடந்தோம். மனசுக்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். படிக்கட்டுப் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் நின்றுவிட்டேன்.

"சார், நாளைக்கு நான் உங்ககூட ஏற மாட்டேன்."

அவர் நின்றார். "இன்னாது?"

"நீங்க அந்த மேடத்த வந்து பாக்குற வரைக்கும் ஏற மாட்டேன்."

"என் மேல கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போறியா? ரிட்டையர்மென்ட் வாசல்ல நிக்குது எனக்கு. உன்னப் புள்ள மாதிரி நெனச்சி சொன்னா, நீ..." குரல் உயர்ந்தது. போர்ட்டர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"கம்ப்ளெய்ன்ட் இல்ல சார். பயமா இருக்குது."

"எதப் பாத்து பயம்?"

"உங்களப் பாத்து சார். உங்களுக்காகவும்தான்." குரலைத் தாழ்த்தினேன். "நீங்களா போனா ஒரு மாதிரி. நீங்க போவலன்னா, நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும். வண்டில சனங்க இருக்காங்க."

அவர் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. எனக்கு அப்பா மாதிரி இருந்தவரை மிரட்டிவிட்டேன் என்று ஒருபக்கம். இந்நேரம் அவர் தனியாக எங்கே நிற்கிறாரோ, என்ன நினைக்கிறாரோ என்று இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது பயம்தான் என்னை உலுக்கியது. அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவர் மனைவியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "சார் எங்க இருக்காரும்மா?"

"வீட்லதான் இருக்காரு. சாப்டாம ஒக்காந்துக்கினு இருக்காரு. இன்னா ஆச்சும்மா?"

நடந்ததைச் சொன்னேன். சார் கனவில் கத்துவதையும், கண் திறந்தபடியே எங்கோ போய்விடுவதையும் அந்த அம்மா பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அங்காளம்மனுக்கு அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போய் வேண்டிக்கொண்டதைச் சொன்னார். "நீ இருக்கச் சொல்லு அந்த டாக்டரம்மாவ. நான் இட்டுக்கினு வர்றேன்," என்றார்.

மறுநாள் சார் லீவு சொல்லிவிட்டு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, இன்டர்வியூவுக்கு வந்த ஆள் மாதிரி மனைவிக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மேடம் அவரை உள்ளே கூப்பிட்டார். நானும் அந்த அம்மாவும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காலையில் உள்ளே போனவர், சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கதவு அசைவதுபோல் தோன்றினால் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது அவர் கண்கள் வீங்கியிருந்தன. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் நாலு நாலாத்தான் வந்துச்சு," என்றார். பிறகு, "ஒவ்வொருத்தரா கேட்டாங்கம்மா. மயிலத்து அம்மா இன்னா கலர் பொடவ கட்டிக்கினு இருந்தாங்கன்னு கூட நான் சொன்னேன். இத்தினி வருஷத்துல ஒரு ஆளு எங்கிட்ட கேட்டதில்ல," என்றார்.

மேடம் சாருடைய அலுவலகத்துக்கு எதையும் எழுதவில்லை. ஆனால் அவர் ரயில் ஓட்டக்கூடாது, வீட்டில் தனியாகவும் விடக்கூடாது என்று அவரிடமும் அவர் மனைவியிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சாரே போய் எழுதிக் கொடுத்து இன்ஜினிலிருந்து இறங்கினார். அதிகாரிகள் என்ன சொல்வார்களோ என்று நான்தான் நடுங்கினேன். அவர்கள் விசாரித்துவிட்டு, டியூட்டிக்கு வருகிறவர்களைப் பதிவு செய்யும் அறையில் உட்கார வைத்தார்கள். முதல் சில மாதம் அவருக்கு அது அவமானமாக இருந்தது. சிகிச்சையும் என்னுடையதுபோல் சீக்கிரம் போகவில்லை. எனக்குச் சொல்ல ஒரு சம்பவம்தான் இருந்தது. அவருக்கு ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும். மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம்பர் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நடுவில் இரண்டு தடவை நிறுத்திவிட்டு மறுபடி போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மனைவி எனக்குப் போன் பண்ணி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சாப்ட்டுப் படுத்தவரு இன்னும் எழுந்துக்கலம்மா. கத்தவே இல்ல. எழுப்பட்டா, வாணாமா?"

"வுடுங்கம்மா, தூங்கட்டும்," என்றேன்.

என்னை மேடம் கடைசியாகக் கூப்பிட்டபோது கூட்டுத்தொகை நன்றாகவே குறைந்திருந்தது. புதிதாக அச்சடித்த பேப்பரில் 'துண்டிக்கப்பட்டது' என்ற சொல் இல்லை. 'யாருடனும் ஒட்ட முடியாமல்' என்று இருந்தது. நான் அதற்குப் பூஜ்யம் போட்டேன். திடுக்கிடுவதற்கு இரண்டு. எப்போதும் எச்சரிக்கையாக இருப்பதற்கு மூன்று.

"இது ரெண்டும் எப்ப மேடம் பூஜ்யம் ஆகும்?"

"ஆகாமலும் இருக்கலாம்," என்றார். "வேலை அப்படி. இது ஏறுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. ஏறுனா வந்துடுங்க."

பயமாகத்தான் இருந்தது, அதைக் கேட்க. சரி என்று தலையாட்டினேன். சாயங்கால பாசஞ்சருக்கு இப்போது வேறொரு டிரைவர் வருகிறார். வயதில் சின்னவர், கலகலப்பானவர். முதல் நாளே அவரிடம் கேட்டுவிட்டேன்: "சார், இதுவரைக்கும் உங்க வண்டில யாராவது அடிபட்டிருக்காங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஏம்மா கேக்குற?"

"சும்மாத்தான் சார்," என்றேன். "நான் தெரிஞ்சிக்கணும்."

சிக்னல் விழுந்தது. ரயில் நகர ஆரம்பித்தது. திண்டிவனம் தாண்டும்வரை அவர் சிக்னலை மட்டும்தான் திருப்பிச் சொன்னார். அதன்பிறகு, முன்னால் தண்டவாளத்தைப் பார்த்தபடியே, "ஒருத்தர்," என்றார்.